நடுவயதுத் தாய்மார்களும் உடல் நலமும்

(ஜவ்வாது மலை, ஜமுனாமரத்தூர் வட்டாரத்து மகளிர் குழுவினரிடையே நிகழ்த்திய உரை)

 

கிராம முன்னேற்றம் என்றவுடன் சாலை, பள்ளிக்கூடம், குடிநீர், மின்விளக்கு, நல்விதை ஆகியவையே நம் நினைவுக்கு வருகின்றன. இவை யாவும் வேண்டியவையே. ஆயினும், இவற்றைக் கொண்டு வாழவேண்டிய மனிதரின் உடல் தளர்ந்துபோகுமானால், முன்னேற்றம் என்பது ஏட்டளவில் நின்றுவிடும். ஒரு குடும்பத்தின் அடுப்பும், ஆடு மாடுகளும், கொல்லைக்காடும், பேரக்குழந்தையும், நோயுற்ற முதியோரும் யாருடைய கையை நம்பியிருக்கின்றனவோ, அந்தத் தாயின் உடலைப்பற்றி ஊர்க் கூட்டங்களில் பேசுவது அரிது. நாற்பது வயதைக் கடந்த தாயின் உடலைப்பற்றிப் பேசுவது அதனினும் அரிது. ஆகவே இன்று அதனையே பேசுவோம் என்று எண்ணினேன்.

ஒரு பெண் கருவுற்றிருக்கும் காலத்தில் கிராமச் செவிலியர் அவளைத் தேடி வருகிறார்; எடை பார்க்கிறார்; இரத்தம் பார்க்கிறார். குழந்தை பிறந்தபின் குழந்தையின் எடையைப் பார்க்கிறார்கள். கடைசிப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபின் அந்தத் தாயை எடைபோடுவோர் குறைந்துவிடுகின்றனர். அதன்பின் அவளுக்கு ஊரார் கண்தான் தராசு.

ஊரார் கண் என்னும் தராசு

இந்தத் தராசு நேர்மையான தராசன்று. பஞ்சம் கண்ட தலைமுறையில், உடம்பில் சதை இருந்தால் வீட்டில் தானியம் இருக்கிறது என்று பொருள். "பூசினாற்போல் இருக்கிறாள்" என்பது புகழ்ச்சி. "இளைத்துப் போய்விட்டாயே, அம்மா" என்பது இரக்கம். இன்றோ அதே வாயினால் அதே பெண்ணைக் குண்டு என்று பட்டப்பெயரிட்டு அழைக்கிறோம். கைப்பேசியிலும் திரைப்படத்திலும் காணும் இருபது வயதுப் பெண்ணின் உருவத்தை அளவுகோலாகக் கொண்டு, நான்கு பிள்ளை பெற்று நாற்பத்தைந்து ஆண்டு உழைத்த உடலை அளக்கிறோம். இதைவிட அநியாயம் வேறு உண்டா?

இதன் விளைவு கேலியோடு நின்றால் கவலையில்லை. உடலைப்பற்றிய வெட்கத்தால் திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் போகாமல் இருந்துவிடுகிற தாய்மார்கள் உண்டு. இரவு உணவை அறவே விட்டு, மறுநாள் காட்டில் வேலை செய்யும்போது மயங்கி விழுவோர் உண்டு. மருத்துவமனைக்குப் போனால் எடையைச் சொல்லி ஏசுவார்கள் என்று அஞ்சி, மூட்டு வலியையும் தலைசுற்றலையும் ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்வோரும் உண்டு. மற்றொரு பக்கம், மெலிந்த உடல் உடையவர்கள், "எனக்கென்ன, நான்தான் ஒல்லியாக இருக்கிறேனே, எனக்கு எந்த நோயும் வராது" என்று சோதனையே செய்துகொள்வதில்லை. இருவருமே ஏமாறுகின்றனர்.

நாடு தழுவிய கணக்கு

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு 2020–21-ஆம் ஆண்டுகளில் நம் மாநிலத்தில் நடைபெற்றது. அதன்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேர் உயரத்துக்கு மிஞ்சிய எடை உடையவர்கள். 2015–16-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இத்தொகை நூற்றுக்கு 31 ஆக இருந்தது. அதே சமயம் நூற்றுக்கு 13 பேர் போதிய எடையின்றி மெலிந்திருக்கின்றனர். நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருக்கிறது. இவை மாநிலம் முழுமைக்குமான கணக்குகள்.

இந்த மூன்று தொகைகளையும் சேர்த்துப் பாருங்கள். எடை மிகுந்தவர்களையும் இரத்தம் குறைந்தவர்களையும் கூட்டினால் நூற்றுக்கு 93 ஆகிறது. மெலிந்தவர்களையும் சேர்த்தால் நூறைத் தாண்டிவிடுகிறது. எனவே இவர்கள் எல்லாரும் வெவ்வேறு பெண்கள் அல்லர். ஒரே பெண்ணுக்கு எடை மிகுதியும் இரத்தக் குறைவும் சேர்ந்தே இருக்கலாம். வயிறு நிறைந்திருக்கிறது, ஆனால் உடம்புக்கு வேண்டிய சத்து நிறையவில்லை. ஆகையால், பருமனாக இருப்பவள் நன்றாகத் தின்று கொழுத்தவள் என்று எண்ணுவது முற்றிலும் தவறு.

மாற்றம் எவ்வாறு வந்தது?

இம்மலையின் பழைய உணவு சாமை, கேழ்வரகு, தினை, கொள்ளு, அவரை, மொச்சை, காட்டுக்கீரை ஆகியவையே. ஜவ்வாது மலைச் சாமைக்குச் சமவெளியில் இன்றும் தனிமதிப்பு உண்டு. 2011-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நியாய விலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. மழை பொய்த்த ஆண்டிலும் அடுப்பு எரிகிறதென்றால் அதற்கு இந்த அரிசி ஒரு முக்கிய காரணம். அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆயினும், அரிசி வந்தபின் சாமை விற்பனைக்கு உரிய பொருளாகவும், அரிசியே மூன்று வேளை உணவாகவும் பல வீடுகளில் ஆகிவிட்டதை நீங்கள் அறிவீர்கள்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவு அட்டவணையின்படி, 100 கிராம் சாமையில் ஏறத்தாழ 10 கிராம் புரதமும் 7.7 கிராம் நார்ப்பொருளும் உள்ளன. தீட்டிய பச்சரிசியில் புரதம் ஏறத்தாழ 8 கிராம், நார்ப்பொருள் 2.8 கிராம். ஆனால் இரண்டிலும் கிடைக்கும் சக்தி ஏறத்தாழ ஒன்றுதான். 100 கிராமுக்கு 350 கலோரி அளவு. ஆகவே சாமை தின்றால் உடம்பு தானே இளைத்துவிடும் என்று சிலர் கூறுவது சரியன்று. நார்ப்பொருள் மிகுந்திருப்பதால் சீக்கிரம் வயிறு நிறையும்; பசி தாமதித்து வரும். அதுதான் அதன் நன்மை. அந்த நார்ப்பொருள் தவிட்டோடு சேர்ந்தது. இயந்திரத்தில் இட்டு வெள்ளை வெளேரென்று தீட்டிவிட்டால் அந்த நன்மையில் பெரும்பகுதி போய்விடும்.

உழைப்பிலும் மாற்றம் வந்திருக்கிறது. உரலில் சாமையை இட்டு உலக்கையால் குத்திப் புடைத்த காலத்தில், ஒரு வேளைச் சோற்றுக்குள் எத்தனை உழைப்பு அடங்கியிருந்தது என்பதை இங்குள்ள மூத்த தாய்மார்கள் அறிவார்கள். இன்று அரைவை இயந்திரம் வந்துவிட்டது, பல வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீரும் எரிவாயு அடுப்பும் வந்துவிட்டன, பேருந்து வருகிறது. உலக்கைக்கும் தலைச்சுமைக்கும் திரும்புங்கள் என்று சொல்பவர் பெண்களின் நண்பர் அல்லர். அவை ஒழிந்தது நல்லதே. ஆனால், உழைப்புப் பாதியாகக் குறைந்தபின் சோற்றின் அளவு மட்டும் குறையாமல் இருந்தால், மிச்சம் உடலில் தங்கத்தானே செய்யும்?

இவற்றோடு வயதும் சேர்ந்துகொள்கிறது. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் நிற்பது பெரும்பாலும் நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதளவில். அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு ஏறியும் இறங்கியும் குறைந்துகொண்டு வருகிறது. அச்சுரப்பு நிறைந்திருந்த காலத்தில் இடுப்பிலும் தொடையிலும் தங்கிவந்த கொழுப்பு, அது குறைந்தபின் வயிற்றில் தங்கத் தொடங்குகிறது. வயது ஏற ஏறத் தசையும் குறைகிறது. தசை குறைந்தால் உடல் சும்மா இருக்கும்போது செலவாகும் சக்தியும் குறைகிறது. ஆகவே முன்போல் உண்டு முன்போல் உழைத்தாலும் வயிறு பெருப்பது உண்டு. இது சோம்பலின் அடையாளமும் அன்று, பேராசையின் அடையாளமும் அன்று. பூப்பெய்தியபோது உடல் மாறியதுபோல, இதுவும் இயற்கையின் ஒரு மாற்றமே.

"குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்டேன், அதிலிருந்துதான் உடம்பு வைத்துவிட்டது" என்று பல தாய்மார்கள் கூறக் கேட்கிறோம். அந்த அறுவையில் கருமுட்டை செல்லும் குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். சுரப்புகளை உண்டாக்கும் சினைப்பையைத் தொடுவதில்லை. ஆதலால் உடல் பருப்பதற்கு அது காரணமன்று. பிள்ளைப்பேற்றின்போது ஏறிய எடை இறங்காமல் நிற்பதும், வயது கூடுவதும் அந்த அறுவையின் காலத்தோடு ஒத்துவருகின்றன, அவ்வளவே. கருப்பையோடு சினைப்பைகளையும் எடுத்துவிடும் அறுவை வேறு. அதில் மாதவிடாய் நிற்கும் காலத்து மாற்றங்கள் யாவும் ஒரே நாளில் வந்துவிடும். அத்தகைய அறுவைக்கு எவரேனும் ஆலோசனை கூறினால், சினைப்பையையும் எடுக்கவேண்டுமா, ஏன் எடுக்கவேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டறிந்தபின் ஒப்புக்கொள்ளுங்கள்.

ஒரு கயிறு போதும்

அப்படியானால் உண்மையான அளவை எவ்வாறு அறிவது? எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீட்டரில் எடுத்து, உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்துக் காணும் ஒரு குறியீட்டை மருத்துவர்கள் கையாள்கின்றனர். பெல்ஜியம் நாட்டுக் கணித அறிஞர் கெட்லே என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் கண்ட கணக்கு இது. ஐரோப்பியருக்கு இது 25-ஐத் தாண்டினால் எடை மிகுதி என்பர். நம்மவருக்கு 23-லிருந்தே எச்சரிக்கை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் கருத்துரைத்தது. 150 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு தாய்க்கு இது ஏறத்தாழ 52 கிலோ. அவரே 41 கிலோவுக்குக் கீழ் இருந்தால் மெலிவு.

நம்மவருக்கு மட்டும் ஏன் இந்தத் தனிக்கணக்கு? பூனாவைச் சேர்ந்த யாக்னிக் என்ற மருத்துவரும் இங்கிலாந்தைச் சேர்ந்த யுட்கின் என்ற மருத்துவரும் 2004-இல் தங்கள் இருவருடைய படத்தையும் ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டனர். இருவருக்கும் அந்தக் குறியீடு ஒன்றே. ஆனால் உடலிலுள்ள கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயருக்கு நூற்றுக்கு 9 பங்கும், நம் நாட்டவருக்கு நூற்றுக்கு 21 பங்கும் இருந்தன. பார்வைக்கு மெலிந்தும் உள்ளே கொழுப்புத் தங்கியும் இருப்பது நம்மவர் உடலமைப்பு. ஊரார் கண்ணுக்கு இது தெரியாது. அதனால்தான் ஒல்லியானவருக்கும் நீரிழிவு வருகிறது.

தராசு இல்லாத வீட்டிலும் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. உங்கள் உயரத்துக்குச் சரியாக ஒரு கயிற்றை வெட்டிக்கொள்ளுங்கள். அதை இரண்டாக மடியுங்கள். மடித்த கயிற்றைத் தொப்புள் மட்டத்தில் வயிற்றைச் சுற்றிப் பிடியுங்கள். மூச்சை உள்ளிழுத்து வயிற்றை ஒடுக்கவேண்டாம். கயிற்றின் இரு முனைகளும் எட்டினால் நல்லது. எட்டாவிட்டால், வயிற்றுக்குள் கொழுப்புச் சேர்ந்திருக்கிறது என்று அறிந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் சோதித்துக்கொள்ளுங்கள். 80 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் பெண்களில் எவரும் அசட்டையாக இருத்தல் கூடாது. இதை வீட்டுக்குள் தனியே செய்யலாம். எவரும் பார்க்கவேண்டியதில்லை, எவருக்கும் சொல்லவேண்டியதில்லை.

செய்யத்தக்கவை

முதலாவது, பட்டினி கிடக்கவேண்டாம். ஏற்கெனவே இரத்தம் குறைந்த உடல் பட்டினியால் தசையை இழக்கும்; கொழுப்புப் பிறகு இன்னும் வேகமாகத் திரும்பும். தட்டில் சோற்றைப் பாதியாக்கி, மற்றப் பாதியில் கீரையும் காயும் பருப்பும் இருக்கட்டும். வாரத்தில் சில வேளையேனும் சாமையும் கேழ்வரகும் விற்பனைக்குப் போகாமல் உங்கள் பானைக்கு வரட்டும். கொள்ளு, மொச்சை, முட்டை ஆகியவை தசையைக் காப்பவை.

இரண்டாவது, பெண்கள் கடைசியில் உண்பதும், சட்டியில் மீந்ததை வீணாக்கக் கூடாதென்று பசியில்லாமலே உண்டுமுடிப்பதும் நம் வீடுகளில் வழக்கமாக இருக்கின்றன. குழம்பில் காயும் மீனும் முன்னவர் இலைக்குப் போய்விடுகின்றன; தாய்க்கு மீந்தது சோறுதான். இருப்பதைச் சமமாகப் பங்கிட்டு எல்லாரும் சேர்ந்து உண்டால் இவ்விரு தீங்குகளும் ஒருங்கே ஒழியும்.

மூன்றாவது, தேநீர். நாளொன்றுக்கு நான்கு முறை, முறைக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை என்றால் நாற்பது கிராம் சர்க்கரை சேருகிறது. அதைப் பாதியாக்குங்கள். சாப்பாட்டோடு தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேருவது குறைந்துவிடும். ஒரு மணி நேரம் விட்டு அருந்துங்கள். எண்ணெய் ஒருவருக்கு மாதத்துக்கு 600 முதல் 700 மில்லி போதும். உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருத்தல் நலம்.

நான்காவது, உடலுழைப்பு. வாரத்துக்கு 150 நிமிடமேனும் சற்று மூச்சு வாங்கும்படி நடத்தலும், வாரத்தில் இரண்டு நாளேனும் தசைக்குப் பலம் தரும் வேலையும் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட நெறிமுறை கூறுகிறது. கொல்லையில் களையெடுத்தலும் மேட்டில் ஏறுதலும் இதில் சேரும். மூட்டு வலி உள்ளவர்கள் சமதரையில் நடக்கலாம். நாற்காலியில் அமர்ந்து கையூன்றாமல் எழுந்து அமர்வதே தொடைக்கு நல்ல பயிற்சி.

இவற்றால் எவரும் இருபது வயது உருவத்தை மீண்டும் பெறப்போவதில்லை, பெறவும் வேண்டியதில்லை. 60 கிலோ உள்ள ஒருவர் மூன்று கிலோ குறைத்தாலே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இறங்கத் தொடங்கும். பாவாடையின் அளவு மாறாவிட்டாலும் நாடியில் மாற்றம் தெரியும்.

செய்யத்தகாதவை

மாதம் பத்துக் கிலோ குறைக்கும் பொடி, கட்டிக்கொண்டால் வயிறு கரையும் பட்டை, உடம்பு தேற்றும் லேகியம் என்று கைப்பேசியிலும் சந்தையிலும் விற்கிறார்கள். உடற்பருமனைத் தீர்க்கும் மருந்தென்று விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டு மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டத்தின்படி குற்றம். சட்டம் தடுத்த ஒன்றை நம்பி, ஆடு விற்ற பணத்தைக் கொடுக்கலாமா? பெயர் ஒட்டாத வலி மாத்திரைகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. அவற்றைத் தொடர்ந்து உண்டால் முகமும் வயிறும் உப்பி, எலும்பு மெலியும்.

இன்னொன்று. மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்தபின் ஒரு துளி உதிரம் பட்டாலும், அதை வயதின் கோளாறு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டவேண்டும். முயலாமலே உடல் இளைத்தால் மகிழவேண்டாம். நீரிழிவாகவோ காசநோயாகவோ இருக்கலாம். மிகுந்த சோர்வோடு எடை ஏறினால் தைராய்டு சோதனை தேவை.

ஊரின் கடமை

2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தின்கீழ், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டுக்கே வந்து சோதித்து மருந்து தரும் ஏற்பாடு உள்ளது. மலையூர்களில் ஒரு சிற்றூருக்கும் மற்றொன்றுக்கும் இடையே நடை மிகுதி. ஆகவே தன்னார்வலர் வரும் நாளைக் குழுத்தலைவியர் முன்னரே அறிந்து எல்லா வீடுகளுக்கும் சொல்லிவைத்தல் பேருதவியாகும்.

முகாம் நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். தராசைக் கூட்டத்தின் நடுவில் வைத்து எடையை உரக்கப் படிக்காதீர்கள். திரைக்குப் பின்னால் எடைபோட்டு, சீட்டில் எழுதி, அந்தத் தாயின் கையில் மட்டும் கொடுங்கள். நாலு பேர் சிரிக்கக் கேட்ட ஒருத்தி அடுத்த முகாமுக்கு வரமாட்டாள். அவளுடைய இரத்த அழுத்தம் பார்க்கப்படாமலே ஏறிக்கொண்டிருக்கும். ஒருநாள் கை கால் விழுந்தபின்தான் தெரியவரும். ஒரு வேடிக்கைச் சொல்லுக்கு இத்தனை விலை கொடுக்க எந்தக் குடும்பத்தாலும் இயலாது.

ஆடவர்களுக்கும் ஒரு சொல். மனைவியின் உடலைக் குறித்து நகைப்பதற்கு முன், அவர் உண்டாரா, எப்போது உண்டார், என்ன உண்டார் என்று கேளுங்கள். மருத்துவமனைக்குத் துணை செல்லுங்கள். தாயைப் பட்டப்பெயரிட்டு அழைப்பதைக் கேட்டு வளரும் மகள், பதினைந்து வயதிலேயே பட்டினி கிடக்கக் கற்றுக்கொள்வாள் என்பதை மறவாதீர்கள்.

தாய்மார்களே! பிள்ளைகளைச் சுமந்த உடல் இது. விறகும் நீரும் தானியமும் சுமந்த உடல் இது. இதற்கு நீங்கள் தரவேண்டியது வெட்கமன்று, கவனிப்பு. அடுத்த மாதக் கூட்டத்தில் சேமிப்புக் கணக்கை எழுதி முடித்தபின், ஒவ்வொருவரும் இரத்த அழுத்தம் பார்த்தாயிற்றா, சர்க்கரை பார்த்தாயிற்றா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள். எடை எவ்வளவு என்று கேட்கவேண்டாம். பார்க்காதவர்களைக் கைபிடித்து அழைத்துச் செல்லுங்கள். இன்னும் முப்பது ஆண்டு உங்கள் காடும் வீடும் பேரப்பிள்ளைகளும் உங்களை எதிர்பார்த்திருக்கின்றன.